வலைக்கு அந்தப் பக்கம் ரெண்டு தட்டு

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பீடோங்கில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான பூப்பந்துப் போட்டி. இரட்டையர் அரையிறுதியில் எதிரே வந்து நின்றவளை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் என் பக்கத்தில் நின்று ஆடியவள் அவள்.

எஸ்டேட்டில் செம்பனை லாரிகள் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் சேர்ந்து ஆடிப் பழகினோம். ஒருத்தி பந்தைக் கோட்டைவிட்டால் மற்றவள் வாயைத் திறக்க மாட்டாள். மட்டையால் தன் கால் சப்பாத்தை ரெண்டு தட்டு தட்டுவாள். 'விடுடி, அடுத்ததைப் பார்ப்போம்' என்று அர்த்தம்.

கல்யாணமாகி கூலிம் டவுனுக்குப் போனாள். அங்கே ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிப்டு வேலை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. போன் பேசுவது பண்டிகைக்கு ஒருமுறை என்று குறைந்து, அதுவும் நின்றது. நான் அனுப்பும் செய்தியைப் படித்துவிடுவாள், பதில் மட்டும் வராது.

அன்று முகத்தைக் கல் மாதிரி வைத்திருந்தாள். கை கொடுத்தபோதும் கண் தரையில்தான்.

"யாருக்கா அது? ஒரு சிரிப்புகூட இல்ல" என்றாள் என் புதுப் பார்ட்னர்.

"பழைய கூட்டாளி. இப்ப சோம்போங் ஆயிட்டா லா. டவுன் பெருமை, தலைக்கனம்."

கடைசி செட். சமமாகப் போய்க்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகூட அடிக்கும் பந்தை வலையில் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். அவள் மட்டும் துள்ளவில்லை. முகத்தில் மாற்றமே இல்லை. ஆனால் மட்டை தானாக இறங்கி அவள் சப்பாத்தை ரெண்டு தட்டு தட்டியது.

"அக்கா, நம்ம பாயிண்ட் போனாத்தானே தட்டுவீங்க? இது நமக்குதான். எந்தப் பக்கம் ஆடுறீங்க?" என்று அவள் பார்ட்னர் சிரித்தாள்.

அடுத்து சர்வீஸ் போட்டது அவள்தான். பந்து வலையிலேயே விழுந்தது. இந்த முறை நான் தட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. சட்டென்று திரும்பி, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஜெயித்தது நாங்கள்தான். உடனே இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முடித்துவிட்டு வாசலுக்கு ஓடி, கூலிம் ஆட்கள் எங்கே என்று கேட்டேன்.

"கூலிம் வேன் அப்பவே போயிருச்சேம்மா, அவங்களுக்கு ஷிப்டாம்" என்றார் அங்கிருந்த அண்ணன்.

அவள் ஏன் பேசவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் முகத்தை மட்டும் பார்த்து யாரையும் சோம்போங் என்று நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை. இப்போதும் அந்தச் சிமெண்டுத் தரையில் ஆடும்போது பந்தைத் தவறவிட்டால், பக்கத்தில் அந்த ரெண்டு தட்டு கேட்குமா என்று காது கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.