சோடாப் போத்தலில் வந்த மருந்து

என் கணவரின் தமையனார் எல்லாவற்றிலும் நிபுணர். வீடு வாங்குவது, சர்க்கரை வியாதி, கனடா அரசியல், பிள்ளை வளர்ப்பு என்று அவர் தீர்ப்புச் சொல்லாத விடயம் கிடையாது. எங்கள் கறிவேப்பிலைக்கு நோய் வந்த பனிக்காலத்தில்தான் அவர் பயிர் மருந்திலும் நிபுணர் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. இளவயதில் ஊரில் இரண்டு போகம் மிளகாய் வைத்தவராம். அந்த மிளகாய் என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எனக்கு அத்தான் முறை. குடும்பத்தில் மூத்தவர், நகரின் வசதியான ஓரமான இல்-பிசாரில் தனி வீடு வைத்திருக்கிறவர். நெரிசலான கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற நாங்கள் அவர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். என் கணவர் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியவர் அல்லர்.

அந்தக் கறிவேப்பிலை என் தோளளவு வளர்ந்திருந்தது. கோடையில் பல்கனியில் நிற்கும். குளிர் தொடங்கியதும் வரவேற்பறை யன்னலோரத்துக்கு இழுத்து வந்துவிடுவோம். பக்கத்தில் ஒரு மல்லிகையும் இரண்டு கற்றாழைத் தொட்டிகளும். உறவுக்காரர் எல்லோருக்கும் அந்தக் கறிவேப்பிலையில் உரிமை இருந்தது. அத்தானின் மனைவி வந்தால், பனிக்கோட்டைக் கழற்ற முதலே கொப்பை வளைத்துவிடுவார்.

தை மாதம் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் வந்தன. தண்ணீர் காணாது என்று நினைத்தேன். சில நாட்களில் கொப்புகளுக்கிடையில் மெல்லிய நூலாம்படை தெரிந்தது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினேன். மிளகுத்தூள்போல ஏதோ விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அந்தத் தூள் நடக்கத் தொடங்கியது.

பூங்கன்றுக் கடைக்கு ஒரு இலையைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் பார்த்தவுடனேயே சிலந்திப்பேன் என்றாள். ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று வறண்டுவிடும், அது இவற்றுக்குக் கொண்டாட்டம் என்றாள். ஒரு சவுக்கார மருந்து தந்தாள். வீட்டுக்குள் பாவிக்கலாம், சிலந்திப்பேனுக்கு ஏற்றது, சாப்பிடுகிற செடிக்கும் அடிக்கலாம் என்று மூன்றும் போத்தலிலேயே அச்சடித்திருந்தது. முதலில் செடியைத் தண்ணீரால் கழுவ வேண்டும், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஒருமுறை அடித்தால் போதாது, முட்டை பொரித்து வருவதையும் கொல்லத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். இதில் விளங்காதது எதுவும் இல்லை. ஆனால் என் துரதிர்ஷ்டம், நான் அந்தப் போத்தலை மேசையில் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்துவிட்டார்.

போத்தலைக் கையில் எடுத்தார். கண்ணாடி போடவில்லை. ஆகவே வாசிக்கவும் இல்லை.

"என்ன பிள்ளை, சவுக்காரத் தண்ணியோ? குளிப்பாட்டிப் பவுடரும் போடப் போறியோ?"

என் கணவர் சிரித்தார். தமையனின் பகிடிக்குச் சிரிப்பதும் அந்தச் சட்டத்தில் அடக்கம்.

"இது சிலந்திப்பேனுக்கெண்டு தந்தது அத்தான். சாப்பிடுற இலையெல்லே, வேற கண்டதையும் அடிக்க ஏலாது."

"நாங்கள் மிளகாய்க்கு அடிச்சதைச் சாப்பிட்டு வளர்ந்தனாங்கள்தானே? செத்தா போனம்? இஞ்சத்தைய மருந்தெல்லாம் பச்சைத் தண்ணி. போன முறை ஊருக்குப் போகேக்க நல்ல சாமான் ஒண்டு கொண்டு வந்தனான். ஒருக்கா அடி, பேந்து மருந்துக்கும் ஒரு பூச்சி இராது."

"வேண்டாம் அத்தான்," என்றேன். தெளிவாகவே சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தொட்டியைப் பார்த்தார். இனி நடக்கப்போவது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். நடை பழகுகிற பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்கிற இடம். அடுத்த கிழமை என் கணவருக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள், வேலை முடிந்து வந்து மாடிப்படியில் ஏறும்போதே ஒரு நெடி மூக்கில் அடித்தது. மண்ணெண்ணெயும் அழுகிய வெள்ளைப்பூண்டும் கலந்ததுபோல. எங்கள் கதவைத் திறந்தபோது அது தொண்டையில் ஏறி நின்றது. வெளியே உறைகுளிர், ஆகையால் வரவேற்பறை யன்னல்கள் எல்லாம் பூட்டியபடி. கறிவேப்பிலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரைவிரிப்பில் வடிந்துகொண்டிருந்தது.

அத்தான் குசினியில் இருந்தார். குசினி யன்னலை மட்டும் நன்றாகத் திறந்துவைத்து, அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கழுத்தில் மஃப்ளருடன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மருந்தடித்தது அவர் அல்லர் என்று பிறகு தெரிந்தது. அவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேல அடி, அங்கால அடி, வடிவா நனை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கையுறையும் இல்லாமல், முகத்தில் ஒரு துணியும் இல்லாமல் செடிக்குள் தலையை விட்டு அடித்தவர் என் கணவர்.

அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. வாயோரத்தில் எச்சில் வடிந்தது, துடைக்கத் துடைக்க வடிந்தது. கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"ஒண்டுமில்லை, கொஞ்சம் தலை சுத்துது," என்றார்.

"வெறும் வயித்தில அடிச்சவன், அதுதான்," என்றார் குசினியிலிருந்த நிபுணர்.

என் கணவரைத் தூக்கி நிறுத்தி வெளியே கொறிடோருக்குக் கொண்டுபோய்ப் படியில் இருத்தினேன். நச்சுத் தகவல் தருகிற இலக்கத்துக்கு அடித்தேன். கார்டெரியில் அந்த இலக்கத்தை எல்லோரும் ரெலிபோனில் வைத்திருப்போம். பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள் என்பதற்காக. பெரியவர்களுக்கு இது தேவைப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

எடுத்த பெண் பிரெஞ்சில் அமைதியாகக் கேட்டாள்: என்ன மருந்து?

"என்ன மருந்து அத்தான்?" என்று கத்தினேன்.

"நல்ல மருந்து."

"பேர் என்ன?"

"பேர்... மிளகாய்க்கு அடிக்கிறது."

"போத்திலைக் காட்டுங்கோ!"

அவர் மேசையைக் காட்டினார். மேசையில் ஒரு சோடாப் போத்தல் நின்றது. அதில் சிரித்தபடி இருக்கிற ஒரு தோடம்பழத்தின் படம். உள்ளே அரைவாசிக்கு மஞ்சளாக ஒன்று. எந்தப் பிள்ளையும் கண்டால் மூடியைத் திருகிக் குடித்துவிடும். பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து கடைக்காரன் அதில் ஊற்றிக் கொடுத்தானாம். இவர் அதை வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து இரண்டு விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கலந்தீர்கள் என்று கேட்டேன். "கண் மட்டத்துக்கு" என்றார்.

அதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வது? பெயர் தெரியாது, அளவு தெரியாது, விவசாயத்துக்கு அடிக்கிற ஏதோ ஒன்று என்றேன். பிறகு அந்தப் பெண் விரைவாகச் சொல்லத் தொடங்கினாள். உடனே அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு உடுப்பைக் கழற்றிப் பைக்குள் கட்ட வேண்டும். உடம்பைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். போத்தலைத் தொலைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அம்புலன்ஸை அழைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற கையுறையோடு என் கணவரைக் குளியலறைக்குள் கொண்டுபோய் ஷவருக்குக் கீழே இருத்தி, தலை முதல் கால் வரை கழுவினேன். எந்தச் சவுக்காரத் தண்ணீரைப் பகிடி பண்ணினார்களோ அதே சவுக்காரத் தண்ணீர்தான். சொல்லிக்காட்ட அப்போது நேரமில்லை.

வெளியே வந்தபோது மேசையில் போத்தலைக் காணவில்லை. அத்தான் பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கோட்டுப் பை புடைத்திருந்தது.

"அதைத் தாங்கோ அத்தான்."

"பிள்ளை, உதை அங்க கொண்டுபோனா எங்கால வந்ததெண்டு கேப்பாங்கள். பேந்து எனக்கெல்லே கரைச்சல்."

"உங்கட தம்பி உள்ளுக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறார். உங்களுக்குக் கரைச்சலோ? தாங்கோ இஞ்ச!"

நான் அவரை எதிர்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. போத்தலை எடுத்துத் தந்தார். அம்புலன்ஸில் ஏறச் சொன்னபோது, கார் நிறுத்தக்கூடாத பக்கத்தில் நிற்கிறது, பனி அள்ளுகிற வண்டி வந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். இளம் டாக்குத்தர் சோடாப் போத்தலை இரண்டு பைகளுக்குள் வைத்து உயர்த்திப் பார்த்துவிட்டு, அந்தத் தோடம்பழப் படத்தையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு என்ன பேர் என்று என் கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்தவர் கார் நிறுத்துவதற்கு இடம் தேடிக்கொண்டிருக்க, நான் அங்கே நின்று வெட்கப்பட்டேன். இரவு முழுக்க என் கணவரைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மறுநாள் மூச்சுச் சீராகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்போதுதான் அத்தான் முந்திரிகைப்பழப் பையோடு வந்தார்.

கட்டிலருகில் நின்று தம்பியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "நான் அப்பவே சொன்னனான், மூக்கைப் பொத்திக்கொண்டு அடியெண்டு."

வீட்டைக் காற்றாட விட்டு, தரைவிரிப்பைச் சுருட்டி எறிந்து, துடைத்துக் கழுவி முடிக்கும்வரை ஒரு சிநேகிதி வீட்டில் தங்கினோம். கறிவேப்பிலையை வைத்திருக்க முடியவில்லை. என்ன அடித்தது என்று தெரியாத இலையைக் குழம்பில் போட நான் மிளகாய் நிபுணர் இல்லையே. கழுவிவிட்டுச் சமைக்கலாம், மூன்று நாளில் விஷம் போய்விடும் என்று அத்தான் ரெலிபோனில் அறிவித்தார். நான் அந்தச் செடியைத் தொட்டி மண்ணோடு இரண்டு கறுப்புப் பைகளில் கட்டி, நகரசபை ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே நின்றவர் பையை வாங்கி மற்றவற்றோடு வைத்தார். வீட்டுக்கு வந்து யன்னலோரத்தில் தொட்டி நின்ற வட்டத்தைத் துடைத்தபோதுதான் அழுகை வந்தது.

பைக்குள் வைத்துக் கட்ட முதல் ஒரு இலையைத் தாளில் தட்டிப் பார்த்திருந்தேன். சிலந்திப்பேன் நடந்துகொண்டுதான் இருந்தது. மனிதனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த மருந்து பேனுக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைப் பெண்ணிடம் சொன்னபோது அவள் வியக்கவில்லை. பேன் பூச்சி வகை இல்லை, சிலந்தியின் இனம், பூச்சிக்கு அடிக்கிற பல மருந்துகள் அதைத் தொடாது என்றாள்.

மல்லிகையையும் கற்றாழைகளையும் பேன் தொற்றாமல் முதலே படுக்கையறைக்கு மாற்றியிருந்ததால் அவை மருந்துக்குத் தப்பியிருந்தன. ஆனால் மல்லிகையிலும் பேன் இருந்தது. அதைக் குளியல் தொட்டிக்குள் தூக்கி வைத்தேன். மோசமான இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, ஷவரால் இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவினேன். காற்றாடியைப் போட்டு, கையுறையும் போட்டு, சவுக்கார மருந்தை முதலில் ஒரு கொப்புக்கு மட்டும் அடித்தேன். இரண்டு நாள் கருகாமல் இருந்ததைப் பார்த்த பிறகே மற்றக் கொப்புகளுக்கு அடித்தேன். போத்தலில் சொல்லியிருந்த இடைவெளி விட்டுத் திரும்ப அடித்தேன், பிறகும் அடித்தேன். இதில் வீரம் காட்ட எதுவும் இல்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும். பங்குனி முடியும்போது தாளில் எதுவும் நடக்கவில்லை. மல்லிகை புதிதாகத் துளிர்த்தது.

அந்தக் கோடையில் அத்தான் தன் வீட்டு வளவில் இறைச்சி சுட எல்லோரையும் அழைத்தார். நான் வரமாட்டேன் என்றேன். "ஒருக்கா வாரும், எனக்காக," என்றார் என் கணவர். போனேன். புல்லில் கதிரைகள் போட்டிருந்தார்கள். அந்தப் புல்லை வெட்டுவதும் உரம் போடுவதும் சம்பளத்துக்கு வருகிற ஒரு ஆள். அத்தான் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இவையின்ர வீட்டில மல்லிகை இப்ப எப்பிடி நிக்குது தெரியுமோ? சிலந்திப்பேன் பிடிச்சுச் சாகக் கிடந்தது. என்ர மருந்து ஒருக்கா அடிச்சது, அவ்வளவுதான். அடியோட போச்சு."

என் வாய் திறந்தது. அதற்குள் என் கணவர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, அந்த மருந்துக்கு என்ன பேர்?"

"என்ன?"

"பேர். ஆஸ்பத்திரியில டாக்குத்தர் திருப்பித் திருப்பிக் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. இவ்வளவு பேர் நிக்கினம், சொல்லுங்கோவன்."

விருந்தாளிகளில் ஒருவர், "ஆஸ்பத்திரியோ? ஏன்?" என்று கேட்டார். என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார். மூடிய யன்னல், வாசலில் நின்றவரின் கட்டளைகள், தோடம்பழம் சிரித்த போத்தல், கோட்டுப் பை, எதையும் விடவில்லை. அத்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே கருகிவிட்ட இறைச்சித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி இப்போதுதான் முதல் தடவையாக இதையெல்லாம் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "என்னட்டைத் தம்பிக்குக் காய்ச்சலெண்டெல்லோ சொன்னவர்," என்றார்.

அத்தான் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இப்போது அவர் இரத்த அழுத்தத்தில் நிபுணர். தேத்தண்ணி கொடுக்கிறேன், கேட்கிறேன். புதிதாக ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறோம், முழங்கால் அளவு வந்துவிட்டது. அவர் கதைத்துக்கொண்டே எழுந்து யன்னலோரத்துக்கு நடந்தால், என் கணவரும் எழுந்து போய், கன்றுக்கும் அவருக்கும் இடையில் நின்றுகொள்கிறார்.