திறந்து கிடந்த இரண்டு தட்டுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஆயாம்மா'. ஒன்பது வருடமாக ஊரார் செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்த்து, முட்டிக்கான குருத்தெலும்பாக்கிக் கொடுப்பாள். ஒரே கண்டிப்பு: ஒருவர் செல் இன்னொருவருடையதோடு கலந்துவிடாமலிருக்க, ஒரு நேரத்தில் ஒருவருடைய தட்டைத்தான் திறக்கலாம்.

இன்று டைல்ஸ் பதிக்கும் நோயாளி ஒருவரின் தட்டுக்குப் பிப்பெட் குழாயில் ஊட்டத் திரவம் விட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பக்கத்தில் இன்னொரு நோயாளியான டீச்சரின் தட்டும் திறந்து கிடந்தது. நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகப்போகிறதே என்று ஆசையாய்ப் பார்க்கத் திறந்தவள், மூட மறந்திருக்கிறாள். பிப்பெட்டின் நுனி எதையெல்லாம் தொட்டது? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. மூடிவிட்டால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

இரண்டையும் கழிவுப் பெட்டியில் போட்டாள். பிறகு டைல்ஸ்காரருக்குப் போன் செய்தாள்.

"என்ன மேடம், என் முட்டி வளருதா?"

"கொட்ட வேண்டியதாப் போச்சு, தப்பு என்னோடதுண்ணே. இடுப்புல மறுபடி ஊசி போடணும்."

"அந்த ஊசியவா?"

டீச்சரிடம் போனில் சொல்ல முடியாது. நாளைய ஆபரேஷனுக்காக மாடி வார்டில் படுத்திருக்கிறார். கையுறையைக் கழற்றிவிட்டு, மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.