வாசலில் விட்ட செருப்பு

ஃபிஜித் தலைநகர் சுவாவில் டாக்டராக இருக்கும் நான் ஒருமுறை விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போனேன். மலைப்பகுதியைச் சுற்றிக் காட்டிய வேன் டிரைவர், ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்து இந்தியர்களைத் தாக்கிய வருஷம், சுவாவை ஒட்டிய சமபுலாவை விட்டு ஓடி வந்த தமிழர். புருவத்தைப் பிளந்த தழும்பு. இருநூறு வருஷத்துக்கு முன் நிலக்காரர்கள் குடியானவர்களை விரட்டிக் கொளுத்திய வீடுகள் அங்கே கூரையில்லாமல் நின்றன. கொட்டும் மழையிலும் ஒவ்வொரு வாசலிலும் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நுழைந்தார்.

"நம்ம ஊர்ப் பழக்கமா?" என்றேன்.

"ஆமா டாக்டர். அன்னைக்கு எங்க வூட்டுக்குள்ளே பூந்தவங்களும் செருப்பை வாசல்லே வுட்டுட்டுத்தான் வந்தாங்கோ. மூஞ்சிலே துணி கட்டிக்கினு அப்பாவைக் கரும்புக் கத்தியாலே வெட்டினாங்கோ. தடுத்தேன், எனக்கும் வெட்டு. செவுரெல்லாம் ரத்தம்."

"யாருன்னே தெரியலையா?"

"செருப்பு தெரிஞ்சுதே. ஒரு ஜோடி பக்கத்து வூட்டுக்காரனுது. அறுந்த வாரை நான்தான் தெச்சுக் குடுத்திருந்தேன்."

காலைத் துடைத்து பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுத்த இடிபாட்டுக்குப் போனார். அங்கேயும் கழற்றினார். அந்தப் பழக்கத்தை அவர் ஏன் தலைமுழுகவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, என் வீட்டுக்கு யார் வந்தாலும், முகத்தைப் பார்க்குமுன் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்க்கிறேன்.