உப்பு விழுந்த விஸ்கி

வட்டுகோலா தங்கச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல் செய்த பாய்க்கு மருதாணித் தாடி. மூக்கை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டுதான் துரையின் விஸ்கியில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலப்பார். வாடைகூடப் படக்கூடாதாம். ருசி பார்க்காமலே கொடுப்பவர், ஒரு சாயங்காலம் சர்க்கரையென்று உப்பைப் போட்டுவிட்டார்.

"விஷமா? நீயே குடி!" என்று துரை கத்தினான்.

பாய் கோப்பையைக் கையில் எடுத்தார். துணி தேய்த்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் வாங்கிக் குடித்தேன். "வெறும் உப்பு, துரை!"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தீவில், குடிக்கப் பர்மிட் இல்லாத இந்தியன்மேல் சாராய வாடை அடித்தால் ஜெயில். வீட்டுக்குப் போகும் வழியிலோ போலீஸ் நிற்கும்.

மிச்ச விஸ்கியைப் பாய் தன் வெள்ளைக் கோட்டில் ஊற்றிக்கொண்டார். "ஒட்டியே வா தம்பி. கேட்டா, என் கோட்டுல கொட்டிப்போச்சுன்னு சொல்றேன்."

பாய் என்னை ஒட்டியபடியே போலீஸைக் கடந்தார். முகத்தில் துண்டு இல்லை.