தவமணி அக்காவோடு சுடுதளத்துக்குப் போன சனிக்கிழமை

மொன்றியலில் இருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இந்த வலைப்பதிவில் எழுதி வருகிறேன். ஏரிகள் எழுதியாயிற்று, மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டில்கள் எழுதியாயிற்று. துப்பாக்கி சுடுதளம் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாமல் விட்டால் நல்லது என்று மனைவி றீற்றா மட்டும் சொன்னாள். ஆனால் 2007 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை தவமணி அக்காவோடு போய்வந்த பயணத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றி. டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றி இறக்குகிறேன். றீற்றாவோடும் மகளோடும் வீடு ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்கு நடை தூரம். நான்கு வருடங்களுக்கு முன் வேலையிடத்து நண்பன் ஒருவன் என்னைச் சுடுதளத்துக்குக் கூட்டிப் போனான். ஊரில், மன்னாரில், துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கியைக் கண்டால் வேலிக்கு மேலால் பாய்ந்தவன் நான். ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பிறகு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, 'இருபத்திரண்டு' என்று சொல்லப்படும் சின்ன ரக ரைபிள் ஒன்றும் வாங்கினேன். மாதம் ஒருமுறை போய் ஐம்பது மீற்றர் தூரத்திலுள்ள கடதாசி வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவேன். நாள் முழுக்க விமான இரைச்சலில் நிற்கிறவனுக்கு, மூச்சை அடக்கி ஒரு புள்ளியைப் பார்க்கும் அந்தச் சில விநாடிகளின் அமைதி பெரிய விசயம்.

தவமணி அக்கா மட்டக்களப்பு. கர்க்லாண்டில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பார்க்கிறார். எங்கள் கோயிலுக்குத்தான் அவரும் பூசைக்கு வருவார். முந்தின வருடம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, துப்பாக்கிச் சட்டங்களை இறுக்க வேண்டும், துப்பாக்கிகளைப் பதியும் அரசாங்கப் பதிவேட்டைக் கைவிடக்கூடாது என்று கையெழுத்துச் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் என் முன்னாலும் தாளை வைத்தார்.

"அக்கா, பதிவுக்கு நான் எதிரில்லை. ஆனா நானும் சுடுறனான்."

"என்னத்தைச் சுடுறீங்க?"

"கடதாசியை."

தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் எங்களுக்குள் "சுகமா?" "ஓம்" என்பதோடு சரி. ஓகஸ்ட் கடைசியில் அவரே தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நான் பார்த்த துவக்கு வேற. நீங்க வச்சிரிக்கிறது எப்படிப்பட்டதெண்டு தெரியாமலே எதிர்த்துக் கதைக்கிறன். அது சரியில்ல. ஒருநாள் என்னைக் கூட்டிப் போறீங்களா?"

"சுடுவீங்களோ அக்கா?"

"அதை அங்க போய்ச் சொல்றன்."

இப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வந்திராது.

சனிக்கிழமை காலை 7.50க்கு கர்க்லாண்டில் அவரை ஏற்றினேன். சாப்பாட்டுப் பையும் பிளாஸ்கில் தேத்தண்ணீருமாக வாசலில் நின்றார். ஏறுவதற்கு முன், "துவக்கு எங்க?" என்றார். டிக்கியைத் திறந்து, பூட்டிய பெட்டியையும் வேறாக வைத்திருந்த தோட்டா ரவைப் பெட்டியையும் காட்டினேன். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கித் ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகுதான் ஏறினார்.

பாதை சுலபம். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே போய், பதின்மூன்றில் லாவலைத் தாண்டி, 640ஐப் பிடித்து, பதினைந்தில் வடக்கே ஏறினால் சென் ஜெரோம். அதற்கப்பால் மரங்களுக்கிடையே இருபது நிமிடம். மொத்தம் 72 கிலோமீற்றர். மரங்கள் அப்போதுதான் ஓரங்களில் சிவக்கத் தொடங்கியிருந்தன. லாவல் பாலத்தில் ஏறும்போது அக்கா கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"மூத்தவள் பிறந்து நாலு மாசம். ஊர்ல, துவக்கோட நிண்டவனுகள் பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிட்டானுகள். என்ட கையில பிள்ளை. பிள்ளைக்குத் தொப்பி போட்டிருந்தன். துவக்கு நுனியால அந்தத் தொப்பியைக் கழட்டிப் பார்த்தான். ஒண்டும் செய்யல்ல. பார்த்திட்டு விட்டிட்டான். ஆனா எனக்குத் துவக்கெண்டா அந்த நுனிதான், தம்பி."

8.55க்குப் போய்ச் சேர்ந்தோம்.

சுடுதளம் பார்வைக்கு எளிமையானது. நீளமான ஒரு தகரக் கூரை, அதன் கீழே பன்னிரண்டு மேசை, முன்னால் புல்வெளி, அதன் முடிவில் உயரமான மண்மேடு. அலுவலகத்தில் விருந்தினர் கட்டணம் பத்து டொலர். காதுக் கவசமும் கண்ணாடியும் இரவல் தருவார்கள். தளப் பொறுப்பாளர் லூசி என்ற பெண்மணி. பாடசாலைப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். செம்மஞ்சள் மேலங்கியோடு வந்து, அக்காவுக்கு விளங்கும்படி ஆறுதலாக பிரெஞ்சில் விதிகளைச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் துப்பாக்கியின் ரவை அறையைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். அது எரிந்துகொண்டிருக்கும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது, ஏனென்றால் முன்னால் ஆட்கள் இலக்கு மாற்றப் போயிருப்பார்கள். ஆபத்தாக எதைக் கண்டாலும் யாரும் 'நிறுத்து' என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

"யாருமா? இண்டைக்கு வந்த நானுமா?" என்று அக்கா பிரெஞ்சில் கேட்டார்.

"நீங்களும்தான், மதாம்," என்றார் லூசி.

விளக்கு அணைந்து முதல் வெடி கேட்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. காதுக் கவசத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். மூன்றாவது வெடியோடு எழுந்து காருக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, "நீங்க போங்க. நான் வாறதெண்டா வருவன்," என்றார். கூட்டிவந்தது பிழை என்று நினைத்தேன். சுடவும் மனம் வரவில்லை. மேசையில் சும்மா இருந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்து பக்கத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது. பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஒரு வாய் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"சத்தம் அதேதான். ஆனா இங்க ஒருத்தரும் ஓடல்ல. அதைப் பார்த்துக்கொண்டே இரிந்தன்," என்றார். பிறகு, "சரி, காட்டுங்க," என்றார்.

நான் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். ரைபிளின் மரக்கட்டையைத் தோளில் அணைப்பது, அதில் கன்னத்தை வைப்பது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையை இழுக்காமல் மெதுவாக அழுத்துவது. ஒவ்வொரு ரவையையும் அவரே போட்டார். முதல் இரண்டும் கடதாசியிலேயே படவில்லை. மூன்றாவது ஓரத்தைக் கிழித்தது. அதற்குப் பிறகு அவர் அவசரப்படவேயில்லை. ஒரு ரவைக்கும் அடுத்ததுக்கும் இடையில் முழு நிமிடம்கூட எடுத்தார். பத்து ரவை சுட்டு முடித்து, துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு. உடனே அதை மறைத்தார்.

"எப்படி இருந்தது அக்கா?"

"சந்தோசமா இரிந்திச்சு. அதுதான் பயமா இரிக்கு."

இத்தனை வருடத்தில் சுடுதளம் பற்றி இவ்வளவு உண்மையாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. முழங்கால் நோவென்று அக்கா கோட்டுக்குப் பின்னால் நின்றுகொள்ள, நான் அவருடைய இலக்கு அட்டையை எடுத்துவர நடந்தேன். என்னோடு இன்னும் நான்கைந்து பேர். ஐம்பது மீற்றர் போய், அட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்; முதுகுப் பக்கம் ஒரு குரல்.

"அரெத்!"

பிரெஞ்சில் 'நிறுத்து'. கார்டெரியில் ஒரு குழந்தை படிக்கட்டில் ஏறினால் அக்கா போடுகிற சத்தம். புல்வெளி முழுக்க எதிரொலித்தது. திரும்பிப் பார்த்தேன். ஏழாம் மேசையில் புதிதாக வாங்கிய ரைபிளோடு வந்த ஒரு மனிதன், கோட்டைத் தாண்டி வந்து குனிந்து, அதன் தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். துப்பாக்கி முனை எங்கள் பக்கம். அக்கா அவனை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றார். அவன் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை எடுத்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். ஒருவர்கூட அசையவில்லை.

தளத்தின் மறுகோடியில் ஒருவருக்கு உதவிக்கொண்டிருந்த லூசி ஓடி வந்தார். துப்பாக்கி வெறுமையாகத்தான் இருந்தது. தன் இலக்கில் ஓட்டை விழுந்ததா என்று பார்க்க நினைத்தானாம், சிவப்பு விளக்கை மறந்துவிட்டானாம். லூசி சத்தம் போடவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் செய்து வீட்டுக்கு அனுப்பினார். மறுபடி வகுப்பு எடுத்த பிறகு வரலாம் என்றார். பிறகு அக்காவிடம் வந்து கையைப் பிடித்து, "நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், மதாம். மெர்ஸி," என்று நன்றி சொன்னார்.

அக்காவைப் பிடித்து உட்கார வைத்தோம். அட்டையைக் கொடுத்தேன், கடைசி ஐந்து ஓட்டையும் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கும். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தம்பி, நிப்பாட்டெண்டு நான் சொல்ல, துவக்கு நிண்டிச்சே," என்றார். "என்ட வயசுக்கு இண்டைக்குத்தான் அதைப் பார்த்தன்."

பதினொன்றரைக்குச் சாப்பிட்டோம். ரவையின் ஈயத் தூசு கையில் இருக்கும் என்று லூசி எல்லோரையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்துத்தான் மேசைக்கு விடுவார். அக்கா கொண்டு வந்த பாணும் மாசிச் சம்பலும் லூசிக்கும் ஒரு துண்டு. காரத்தில் அவருக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாவது துண்டு கேட்டார். அக்கா அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்: கோபக்காரன் ஒருவன் வந்தால் என்ன செய்வீர்கள், மனம் சரியில்லாதவனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், கைத்துப்பாக்கி எதற்கு? லூசி சிலவற்றுக்குப் பதில் சொன்னார், சிலவற்றுக்குத் தெரியாது என்றார். இரண்டு பெண்களும் எதிலும் முழுதாக உடன்படவில்லை. ஆனாலும் ஒரு மணி வரை எழும்பவில்லை.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார், "என்ட எண்ணம் மாறல்ல. கையெழுத்து வாங்குவன். ஆனா உங்களைப் போல ஆக்களை இனி ஒரே கூடைக்குள்ள போட மாட்டன்." எனக்கு அது போதும்.

நீங்களும் இப்படி ஒருவரைக் கூட்டிப் போவதாக இருந்தால் சில விசயங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். விருந்தினரை எல்லாத் தளங்களும் எல்லா நாளும் விடுவதில்லை. அனுமதிப் பத்திரம் உள்ளவர் விருந்தினர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காலை ஒன்பதுக்குள் போனால் கூட்டம் குறைவு. ஐம்பது ரவைப் பெட்டி மூன்றேகால் டொலர். முதல் நாளுக்கு அதில் பாதியே போதும். கழுத்து மூடிய சட்டை போடச் சொல்லுங்கள், சுட்ட ரவையின் வெற்றுக் கோது சூடாகக் கழுத்துக்குள் விழும். சுடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எழும்பிக் காருக்குப் போனால் விட்டுவிடுங்கள். வரும் வழியில் 640 பக்கம் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன, நாங்கள் 2.15க்கு நிறுத்தி ஆளுக்கொரு பை வாங்கினோம்.

றீற்றா எழுத வேண்டாம் என்று சொன்ன பகுதி இனித்தான் வருகிறது.

மூன்றரைக்கு எங்கள் வீட்டில் இறங்கி ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அக்கா வந்தார். நான் ரைபிளைத் துடைத்து நிலக்கீழ் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே வந்து, சாவியைச் சமையலறை மேசையில் கரண்டிகள் இருக்கும் இழுப்பறைக்குள் போட்டேன். நான்கு வருடமாக அங்கேதான் போடுகிறேன்.

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். "உங்கட மகள் எங்க கரண்டி எடுக்கிறவள்?"

றீற்றா என்னைப் பார்த்தாள். நான் இழுப்பறையைப் பார்த்தேன். காலையில் இருந்து எத்தனை பூட்டு, எத்தனை விதி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். அக்கா தேத்தண்ணீரை முடித்து, ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் சாவியே இல்லாத, இலக்கம் சுற்றித் திறக்கும் பூட்டு ஒன்று வாங்கினேன். பூட்டிவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சின்னவளையும் கூட்டிக்கொண்டு வரட்டா, தம்பி?" என்றார்.

அவருடைய சின்னவளும் என் மகளும் ஒரே வகுப்பு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலேயே கிடப்பாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் ஒருநாளும் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா," என்றேன்.