அம்மனுக்குக் கொட்டிய உப்பு

எங்கள் அய்யாவுக்குச் செக்காலையில் தச்சுப்பட்டறை. கட்டில் செய்யச் சொல்லித் தேவகோட்டையிலிருந்துகூட ஆள் வரும். அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த என் அக்கா, கோயிலில் உப்பு திருடித் தின்றாள்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை வந்தது. ஆத்தா தினமும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்துத் தொடையில் குத்துவாள். ஐஸ் பெட்டி அன்றைக்கு யார் வீட்டில் இருந்தது? மருந்துப் புட்டி பானையடி ஈர மணலில் கிடக்கும். அப்படியும் அக்கா ஓடியாடித்தான் திரிந்தாள்.

பிறகு கறுக்கத் தொடங்கினாள். வெயில் படாத உள்ளங்கை ரேகையும் ஈறும்கூட மை தடவியது போலாயின. உடம்பு துரும்பாயிற்று. வழக்கமான ஊசியே தாங்காமல் வேர்த்து மயங்கினாள். டாக்டர் மருந்தைக் குறைத்தார். சர்க்கரை இறங்குகிறதென்று அய்யாவுக்கு ஒரே சந்தோஷம். கறுப்பு மட்டும்தானே, அதை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தோலில் எது வந்தாலும் மாரியம்மனுக்கு உப்பு வாங்கிக் கொட்டுவோம். உப்பு கரைகிற மாதிரி நோயும் கரையுமாம். அய்யா ஓலைப்பெட்டி நிறையக் கல்லுப்பு கொண்டுபோய்க் கொட்டினார். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், அக்கா குவியலுக்கு முன்னே குந்தி, அள்ளி அள்ளிக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

“அடியே, சாமிக்குப் போட்டதத் திங்கிறியேடி!” ஆத்தா முதுகில் அறைந்தாள்.

“நீ போடுற உப்பு பத்தலத்தா.”

வாசலில் உப்பு விற்கிறவள் சிரித்தாள். “என்ன ஆசாரியாரே, பொண்ணுக்கு வீட்டுல உப்புப் போட மாட்டீகளோ?”

அய்யாவுக்கு அது பொறுக்கவில்லை. சாமிகுத்தம் தீர அக்காவுக்கு ஒரு மண்டலம் உப்பில்லாச் சோறு என்று அங்கேயே நேர்ந்துகொண்டார். நியாயஸ்தர், தானும் உப்பில்லாமலே தின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உப்பு போட்டுவைக்க அவர் மரத்தில் கடைந்த மரவையை ஆத்தா உத்திரத்தில் தொங்கவிட்டாள். எனக்கு ஆறேழு வயது.

“கொஞ்சூண்டு எடுத்துக் குடுடி, நாக்குல வச்சுக்கிறேன்” என்று அக்கா கெஞ்சுவாள். நான் உரல்மேல் ஏறி நின்றும் எட்டவில்லை.

மண்டலம் முடியவில்லை; வாந்தி பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் குதிரைவண்டியிலேயே அடங்கிப்போனாள். சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள். சாமி உப்பு சும்மா விடுமா என்றும் சொன்னார்கள்.

எத்தனையோ வருடம் கழித்து, சின்னதிலேயே சர்க்கரை வந்த என் தம்பி மகளும் கறுத்தாள். மதுரை டாக்டரம்மா ஈறைப் பார்த்ததும், “உப்பு ரொம்பக் கேக்குறாளா?” என்றார். “எங்க அக்காவும் கேட்டா” என்றேன் நான். சர்க்கரை இருக்கிற சிலருக்கு, உடம்பே தன் இன்னொரு சுரப்பியையும் பகையென்று அழித்துவிடுமாம். பிறகு உடம்பு கறுக்குமாம், வழக்கமான ஊசி தாங்காதாம், உப்புத் தங்காதாம். மாத்திரை கொடுத்தார். அவளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள்.

அக்காவை எடுத்த அன்று, குழிக்குள் போட உப்பு வேண்டுமென்றார்கள். அய்யா உத்திரத்திலிருந்து மரவையை அவிழ்த்து, உப்பு முழுவதையும் துணியில் கொட்டி முடிந்தார். நான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் ஓடி, அக்கா காதில் சொன்னேன்: “அய்யா எல்லாத்தையும் குடுத்துட்டாரு. அங்க போனதும் தின்னுக்க.”