புல்லை நீக்கிய எடை

"ஆவணி 9, வெள்ளி. காலை ஏழே கால். இறால் முக்கால் கிலோ. புல்லை நீக்கி எடை போடச் சொன்னேன்."

என் கையெழுத்துதான். மந்தைவெளி வீட்டு வாசலில் நின்றபடியே எழுதியதால் வரி சாய்ந்திருக்கிறது. அதன் கீழே, ஈரக்கையோடு வந்து ஒட்டிக்கொண்ட ஓர் இலை காய்ந்து பழுப்பாகித் தாளோடு தாளாகிவிட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. இத்தனை ஆண்டு நாட்குறிப்புகளில் நான் வெட்கப்படும் பக்கம் இது ஒன்றுதான்.

எங்கள் தெருவுக்கு வந்த இறால்காரம்மா வலை போடுகிறவர் அல்ல. அடையாறு கடலில் சேரும் இடத்தில், இடுப்பளவு நீரில் குந்தி, பறி எனும் பனையோலைப் பையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவி இறால் பிடிப்பவர். தடவும்போது பிய்ந்து வந்த நீரடிப் புல்லையும் கரையில் ஒதுங்கியதையும் கூடையில் ஈரமாகப் பரப்பியிருப்பார். ஐஸ் கிடையாது. புல்லை விலக்கினால் இறால் துள்ளும். நானோ தராசையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"புல்லு மேல இன்னா நைனா கோவம்? அதுங்க வூடே அதான். வூட்ட வுட்டுட்டு வந்தா சாவாதா?" என்பார். வீட்டையும் சேர்த்து நிறுக்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். சிரித்துக்கொண்டே புல்லை எடுத்து எங்கள் செம்பருத்தியின் அடியில் போட்டுவிட்டுப் போவார்.

அவர் வரும் நேரமும் எனக்கு எரிச்சல். ஒருநாள் ஏழு மணி, மறுநாள் ஏழே முக்கால், அதற்கு மறுநாள் எட்டரை. "இன்றும் தாமதம்" என்று விடாமல் குறித்திருக்கிறேன். கடல் நீர் வற்றினால்தான் அவர் இறங்க முடியும்; அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போகும் என்பதை எத்தனையோ புத்தகங்களில் படித்தவன் நான். ஆனாலும் என் நோட்டில் இருந்தது அவருடைய சோம்பல் அல்ல, கடலின் கணக்கு என்பது அப்போது உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் கூடையில்லாமல் வந்தார். முகத்துவாரத்தைத் தூர்வாரப் போகிறார்களாம். அவர் தடவும் ஆற்று வளைவும் அதில் போகிறதாம். மேலேயிருந்து வரும் சாக்கடைக் கலங்கலில் வெயில் படாமல் மற்ற இடங்களில் புல் எப்போதோ செத்துவிட்டது. மிச்சம் அந்த வளைவு ஒன்றுதான். அதுவும் போனால் இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை, அவருக்கும் வேலையில்லை.

"நீதான் தும்முனாக்கூட தேதி போட்டு எழுதுற ஆளாச்சே. கூட்டம் வெச்சிக்கிறாங்க. அங்க புல்லு இருந்திச்சி, இறாலு இருந்திச்சின்னு நீ எழுதனத எட்த்துக்கினு வா நைனா."

மூன்று நாள் தேடினேன். எடை இருந்தது, மணி இருந்தது, மழை இருந்தது, மின்வெட்டு இருந்தது. எந்த இடத்து இறால் என்று ஒரு வரிகூட இல்லை. "இன்னிக்கி வளைவுல", "இன்னிக்கி பாலத்தாண்ட", முகத்துவாரத்தை மணல் மூடிய நாட்களில் "இன்னிக்கி பஸ் ஏறி முட்டுக்காடு" என்று அவர் ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் தந்தார். நேரில் பார்க்காததை எழுதுவதில்லை என்பது என் கொள்கை. என்ன பெரிய கொள்கை! வாசற்படியை விட்டு இறங்காதவனின் கொள்கை. புல்லைப் பற்றி இருந்ததும் ஆவணி 9-ஆம் தேதி வரி ஒன்றுதான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரி அதை உரக்கவே வாசித்தார். "புல்லை நீக்கி எடை போடச் சொன்னேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இதுல இடம் இல்லையே சார்? அதுவும் இல்லாம, அது வெறும் பாசிதான். எடுத்தா தண்ணி சுத்தமாகும்."

இறால்காரம்மா எழுந்தார். "பாசி வழுக்கும் சாரே. இது வேர் வுட்டு நிக்கிது. கைய வெச்சா சேறு கலங்காது, புட்ச்சிக்கினு கீது. ஒரு வாட்டி எறங்கிப் பாரு, நானே கையப் புட்ச்சி இட்டுக்கினு போறேன்." அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தவரைப் பேச அழைத்தார்கள். யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

மழைக்கு முன்பே இயந்திரம் வந்து வேலையை முடித்துவிட்டது. வளைவு இருந்த இடம் இப்போது ஆழமாக, நேராக, பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

இறால்காரம்மா இப்போதும் வருகிறார், சரியாக எட்டு மணிக்கு. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய பண்ணை இறால், ஐஸ் பெட்டியில். அது துள்ளுவதில்லை. முதல் நாள் தராசைத் தூக்கியவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கோ நைனா. நீ சொன்னாப்லயே, புல்லு இல்லாம."

இலை ஒட்டிய அந்தப் பக்கத்தைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த நண்பர் ஒருவரிடம் காட்டினேன். நீள்வட்ட வடிவம், நடு நரம்பு, அதிலிருந்து இருபுறமும் பிரியும் மெல்லிய குறுக்கு நரம்புகள் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, கடற்புல்லாக இருக்கலாம் என்றார். நைந்த ஓர் இலையை வைத்து உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அன்று வளைவா, முட்டுக்காடா என்று இறால்காரம்மாவைக் கேட்டேன். "அத நீதான எழுதியிருக்கணும்" என்றார்.

ஆவணி 9, வெள்ளிக்கிழமை என் கையில் ஒட்டிய இலை எந்த நீரிலிருந்து வந்தது என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.